நெற்றி குளிர்ந்த காலை

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை வருடப்பிறப்பு லீவு முடிந்து வேலை தொடங்கிய வாரத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. நான் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். என் மகளுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. கணவருக்குக் கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் வேலை. அந்த வருடம் பண்டிகைக்கு முதலாளி அவருக்கு லீவு கொடுக்கவில்லை. அதனால் நானும் மகளும் கொழும்புக்குப் போய், அவர் தங்கியிருந்த அறையில் சில நாள் இருந்துவிட்டு வந்தோம்.

அந்த அறையில் கொசு பிடுங்கி எடுத்துவிட்டது. மகளின் கை காலெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, "நம்ம மலைக்குப் போயிட்டா எந்தக் கொசு வரும், பாப்போம்" என்று சிரித்தேன். பொய்யில்லை. எங்கள் குளிருக்குக் கொசு தாக்குப்பிடிக்காது. எங்கள் லயத்தில் வரிசையாக அத்தனை வீடு இருந்தும் ஒரு வீட்டிலும் கொசுவலை கிடையாது. டெங்கு என்பது எங்களுக்கு டீவியில் கொழும்புக்காரர்களுக்கு வருகிற நோய், அவ்வளவுதான்.

வீடு திரும்பிச் சில நாளில் மகளுக்குக் காய்ச்சல் அடித்தது.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குப் போகிற தாய்மார் சின்னப் பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுத்தான் மலை ஏறுவோம். தோட்டம் நடத்துகிற பிள்ளைகள் காப்பகம் அது. பார்த்துக்கொள்கிற அக்கா காலையில் வாசலிலேயே நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் கை வைத்துப் பார்ப்பார். சுட்டால் உள்ளே எடுக்க மாட்டார். ஒரு பிள்ளையின் காய்ச்சல் மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்பதால் வைத்த சட்டம். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் பிள்ளையை எடுக்காவிட்டால் தாய் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் அன்றைக்குப் பேர் கிடையாது. பேர் என்றால் ஒருநாள் வேலை, அதாவது ஒருநாள் சம்பளம். பாதியில் இறங்கினால் அரைப்பேர்.

அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். விடியும் முன்பே பிள்ளைக்குக் காய்ச்சல் பாணி மருந்து ஒரு அளவு ஊற்றிவிடுவது. பெரட்டுக்குப் போகிற நேரம், அதாவது வேலைக்கு ஆள் சேர்த்து மலை பிரித்துக் கொடுக்கிற நேரம், நெற்றி பச்சைத்தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கும். அக்காவும் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வார். அவருக்கு இது தெரியாது என்று யாரும் நினைக்கவில்லை. அவரும் இரண்டு பிள்ளைகளை இதே லயத்தில் வளர்த்தவர்தான்.

இதைப் படிக்கிற சிலருக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். "பெற்ற தாயா இவள்" என்று கேட்கிறவர்கள், கொழுந்து தள்ளுகிற பருவத்தில் ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் எங்கள் லயத்தில் குடித்தனம் நடத்திக் காட்டிவிட்டுக் கேட்கட்டும். நான் தலை குனிந்து நின்று பதில் சொல்கிற ஆள் இல்லை.

காய்ச்சல் வந்த அன்றே தோட்டத்து மருந்துச்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருக்கிற ஐயா தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல், நிறையத் தண்ணீர் கொடுங்கள், காய்ச்சல் குறையாவிட்டால் மட்டும் திரும்பக் கொண்டு வாருங்கள் என்றார். கொழும்புக்குப் போனீர்களா என்று அவர் கேட்கவில்லை. போனோம் என்று நானும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் கொழும்புக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இரண்டு பேருமே இருந்தோம்.

வீட்டில் என்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்தேன். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். கஞ்சி காய்ச்சினேன். காலையில் பாணியைக் கொடுத்துப் பிள்ளை மடுவத்தில் விட்டேன். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. பிறகு ஒருநாள் காலை, நான் பாணிப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டுப் பார்த்தால் நெற்றி குளிர்ந்திருந்தது. மருந்தே கொடுக்கவில்லை, தானாகவே காய்ச்சல் விட்டிருந்தது. அம்மன் படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றுவிட்டு, போத்தலை மூடி மேலே வைத்தேன்.

காலையில் கொடுத்த தேத்தண்ணீரை மகள் வாந்தி எடுத்தாள். "வவுறு வலிக்குது" என்றாள். காய்ச்சல் விட்ட வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் ஒரு ராட்சசி. பிள்ளை மடுவத்து வாசலில் அவள் போடுகிற கூச்சல் கீழ் லயம்வரை கேட்கும். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பைச் சுற்றிப் படங்கு என்று ஒரு தடித்த சாக்குத் துணியைக் கட்டுவோம். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்குவாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டுத்தான் நான் ஓட வேண்டும். காய்ச்சலோடு விட்ட நாட்களிலும் இந்த நாடகம் குறையவில்லை. "ஒம் மக அழுதா எனக்கு மணி பாக்க வேணாம், பெரட்டுக்கு நேரமாச்சுன்னு தெரிஞ்சிக்குவேன்" என்று அந்த அக்கா கேலி செய்வார்.

அன்று அவள் அழவில்லை.

அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காச்சல் சுத்தமா வுட்டுருச்சு புள்ள, நிம்மதியா போ" என்றார். நான் மகளை இறக்கி விட்டேன். அவள் படங்கைப் பிடிக்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூலையில் கிடந்த பாயில் போய்ப் படுத்துக்கொண்டாள். "பாத்தியா, பெரிய மனுசியாயிட்டா" என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தபடி மலைக்கு ஏறினேன்.

தேயிலைச் செடி நிரையில் நின்று கொழுந்தைக் கிள்ளக் கிள்ள, என் இடுப்பு என்னவோ போல இருந்தது. யாரும் பிடித்து இழுக்காத படங்கு. அது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நேற்று மாலைக்குப் பிறகு இவள் ஒன்றுக்குப் போனாளா? போகவில்லை. தேத்தண்ணீரையும் வாந்தி எடுத்துவிட்டாள். காலையில் சப்பாத்து மாட்டும்போது பாதம் எப்படி இருந்தது? ஜில்லென்று இருந்தது. மலைக்குளிர் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவள் கம்பளிக்குள்ளே இருந்தல்லவா எழுந்து வந்தாள்?

கூடையை அப்படியே நிரையில் இறக்கி வைத்துவிட்டு நடந்தேன்.

எங்கள் கங்காணிக்குக் கண் எப்போதும் எங்கள்மேல்தான். கணவர் வழியில் எனக்கு மாமா முறை. ஆனால் மலையில் முறையெல்லாம் செல்லாது. மேலே நின்று கத்தினார். "ஏய் புள்ள, எங்க போற? நெரைய வுட்டுட்டுப் போனா அரப்பேருதான், சொல்லிட்டேன்!"

"அரப்பேரு போட்டாலும் சரி, பேரே போடாட்டியும் சரி மாமா. எம் புள்ளய பாக்கப் போறேன்."

"புள்ளைக்குக் காச்சல் வுட்டுருச்சுன்னு காலையில நீதானே சொன்ன?"

அதற்குள் பாதி மலை இறங்கிவிட்டேன்.

பிள்ளை மடுவத்தில் மகள் விட்ட இடத்திலேயே கிடந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளைத் தாண்டித் தாண்டி ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். கையும் காலும் குளிர்ந்து, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. உதடு காய்ந்திருந்தது. "தூங்குது புள்ள, ரெண்டு மூணு நாளு காச்சல்ல கெடந்த ஒடம்புதானே" என்றார் அக்கா. மருந்துச்சாலையில் அன்று ஐயா இல்லை. பக்கத்துத் தோட்டத்தையும் அவர்தான் பார்க்கிறார், அது அங்கே போகிற நாள். எங்கள் லயத்தில் இருக்கிற ஒரே ஆட்டோ யாரையோ ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் போயிருந்தது. பஸ் மத்தியானத்துக்குப் பிறகுதான்.

மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். காலைக் கொழுந்து நிறுக்கிற நேரம் அது. கொழுந்து லொறி நின்றுகொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கிய பெண்கள் மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். கங்காணியும் வந்து சேர்ந்திருந்தார். நான் நேராகப் போய் லொறியின் முன்கதவைத் திறந்து, மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் அண்ணன் பதறிப் போனார். "தங்கச்சி, கண்டாக்கையா சொல்லாம ஆள ஏத்தக் கூடாது. எனக்கு வேல போயிரும்மா." கண்டாக்கையா என்பவர் எங்கள் மலைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். அவர் அப்போது மேல் பிரிவில் எங்கேயோ இருந்தார். போன் எடுக்கவில்லை.

"நான் எறங்க மாட்டேன் அண்ணே. வேணுன்னா லொறியோட தள்ளி வுட்டுருங்க."

கங்காணி வந்து எட்டிப் பார்த்தார். மகளின் நெற்றியில் கையை வைத்தார். "நெத்தி ஜில்லுன்னுதானே இருக்கு. காச்சலே இல்லாத புள்ளைக்கு எதுக்கு இந்தக் கூத்து?"

எனக்கு எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று இன்றும் தெரியாது. "செத்துப் போனவங்களுக்குந்தான் காச்சல் இருக்காது மாமா!" என்று கத்தினேன். கத்திவிட்டு மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். பெற்ற வாயால் சொல்லக் கூடாத வார்த்தை. ஆனால் சொன்னால்தான் அவர்களுக்கு உறைக்கும் என்றிருந்தது.

அப்போதுதான் என் பக்கத்து வீட்டுக்காரி முன்னால் வந்தாள். எங்களுக்குள் தண்ணீர்ப் பைப்பு விஷயத்தில் சண்டை. பேச்சுவார்த்தை நின்று பல மாதம். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. லொறியில் ஏற்றியிருந்த தன் மூட்டையைப் பிடித்துத் தொப்பென்று ரோட்டில் இறக்கினாள். வரிசையைப் பார்த்து, "எறக்குங்கடி எல்லாரும். அந்தப் புள்ள ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் ஒரு மூட்டை ஏறாது. லொறி சும்மா நின்னு என்ன பண்ணப் போகுது? போயிட்டு வரட்டும்" என்றாள்.

ஒருத்தி இறக்கினாள். இன்னொருத்தி இறக்கினாள். கங்காணி இந்தப் பக்கம் கத்தினால் அந்தப் பக்கம் மூட்டை இறங்கியது. டிரைவர் அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதுவரை அழாத குறையாக நின்றவர் பளிச்சென்று மலர்ந்துவிட்டார். "எல்லாரும் பாத்துக்குங்க, கொழுந்து ஏத்த மாட்டேன்னுட்டாங்க, எம் மேல தப்பில்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு லொறியை எடுத்தார். பிறகு அந்த வளைவுகளில் அவர் ஓட்டிய ஓட்டத்தில், நான் ஒரு கையால் மகளையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மகளைத் தொட்டதுமே உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடிக்கொண்டே, "இந்தத் தோட்டத்து அம்மாமார் எல்லாம் இப்பிடித்தான், கடைசி நேரத்துலதான் தூக்கிட்டு வருவாங்க" என்று சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. "மிஸ்ஸி, நான் வந்த லொறிய கெளப்பவே ஒரு மலை சனம் கொழுந்த ரோட்டுல எறக்க வேண்டியிருந்துச்சு. சும்மா வீட்டுல குந்திக்கிட்டு இருந்துட்டு வரல" என்றேன். அழுகையும் வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் சொன்னேன். ஆனால் சொல்லாமல் விடவில்லை.

டொக்டர் ஒரு சிங்கள அம்மா. சின்ன வயது. மகளின் விரல் நகத்தை அழுத்திப் பார்த்தார், நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார். பிறகு திக்கித் திக்கித் தமிழில் கேட்டார். "அம்மா, கொழும்பு போனதா? கிட்டடியில?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கொசுக்கடி, தேங்காயெண்ணெய், நான் சிரித்த சிரிப்பு. "போனோம் டொக்டர்" என்றேன்.

டெங்கு. அவர் கைவேலையை நிறுத்தாமலே எனக்கு விளக்கினார். டெங்குவில் காய்ச்சல் அடிக்கிற நாட்களைவிட, காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் கவனமாக இருக்க வேண்டுமாம். நெற்றி குளிர்ந்ததும் எல்லோரும் சுகமாகிவிட்டது என்று நினைப்போம். சில பிள்ளைகளுக்கு அப்போதுதான் உடம்புக்குள்ளே ஆபத்து தொடங்குமாம். வயிற்றுவலி, வாந்தி, கை கால் குளிர்வது, ஒன்றுக்குப் போகாமல் இருப்பது, சோர்ந்து கிடப்பது எல்லாம் அதன் அடையாளங்களாம். "நேரத்துக்குத்தான் வந்திருக்கு அம்மா" என்று, மிஸ்ஸிக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். சேலைன் ஏற்றி, அவரே போன் பண்ணி ஆம்புலன்ஸ் வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. பிள்ளையின் கையில் ஊசி ஏறியிருப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும். கணவர் கொழும்பிலிருந்து ஓடி வந்து வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கடைசியில் ஒருநாள் காலை, இரத்தம் எடுக்க வந்த மிஸ்ஸியைப் பார்த்து என் மகள் வார்டே அதிரும்படி ஒரு கூச்சல் போட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் முகம் சுளித்தார்கள். நானும் கணவரும் பைத்தியங்கள் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். ஒப்பீஸ் வாசலில் கண்டாக்கையா நின்றார். நிரையை விட்டுப் போனது, லொறியை மறித்தது, கொழுந்து நேரத்துக்கு ஃபெக்டரிக்குப் போகாமல் ரோட்டில் கிடந்து வாடியது, எல்லாம் என் தலையில். மன்னிப்புக் கேட்டால் இதோடு விட்டுவிடலாம் என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"கொழுந்த எப்பிடியும் ஃபெக்டரிக்குக் கொண்டு போயி வாட்டத்தானே போறீங்க ஐயா?" என்றேன். பின்னால் நின்ற பெண்களிடமிருந்து சிரிப்பு வெடித்தது. கண்டாக்கையாவின் உதடும் ஒரு பக்கம் துடித்தது. "கொழுந்து வாடினா விசாரண வைக்கிறீங்க. புள்ள வாடினா யாரு விசாரிப்பா? நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். திரும்பவும் அப்பிடி ஒரு நாளு வந்தா திரும்பவும் லொறியில ஏறுவேன்."

அன்றைய பேரை வெட்டினார்கள். வெட்டட்டும். ஆனால் நான் அதோடு விடவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவரை தாய்மார் காய்ச்சலை மறைத்துக்கொண்டேதான் இருப்போம், மறைக்காமல் சொல்ல எங்களுக்கு ஒரு வழி வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேலிடம் ஒன்றும் செய்யவில்லை. செய்தது அந்த அக்காதான். அன்று நெற்றியைத் தொட்டு "நிம்மதியா போ" என்று சொன்ன தன் கையை நினைத்து அவர் பல நாள் சாப்பிடாமல் கிடந்தாராம். பின்பக்கத்து அறையைச் சுத்தம் பண்ணி, காய்ச்சல் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாய் விரித்தார். இப்போது வாசலில் நெற்றியைத் தொடுவதோடு நிறுத்துவதில்லை. குடித்தானா, ஒன்றுக்குப் போனானா, விளையாடினானா, வெளியூர் போய் வந்தீர்களா என்று துருவித் துருவிக் கேட்கிறார். பதில் பிடிக்காவிட்டால் தாயை மலைக்கு விடாமல் டவுனுக்குத் துரத்துகிறார். எங்களுக்குப் பெரட்டுக்கு நேரமாகிறது என்று எரிச்சல் வந்தாலும் நின்று பதில் சொல்கிறோம்.

பக்கத்து வீட்டுக்காரியும் நானும் அடுத்த மாதமே தண்ணீர்ப் பைப்புக்கு மறுபடி சண்டை போட்டோம். சண்டைக்கு நடுவில் என் மகள் அவள் வீட்டுக்குள்ளே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

சின்னக் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் இன்றும் நான் வீட்டில்தான் பார்க்கிறேன். ஈரத்துணியும் கஞ்சியும் கொத்தமல்லித் தண்ணியும் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் பிள்ளை வழக்கமாகச் செய்கிற ஒன்றைச் செய்யாமல் விட்டால், உடம்பு சுட்டாலும் சரி, குளிர்ந்தாலும் சரி, நான் காத்திருப்பதில்லை. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் அதே பிள்ளை மடுவத்தைத் தாண்டித்தான் தினமும் மலைக்குப் போகிறேன். ஏதாவது ஒரு பிள்ளை தாயின் படங்கைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டும்போது, நான் ஒரு நிமிடம் நின்று, "அழு தங்கம், நல்லா சத்தமா அழு" என்று மனதாரச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அந்தச் சத்தம் நின்றுபோன அன்று யாருடைய சொல்லையும் கேட்காமல் இறங்கி வந்த இந்தக் கால்களுக்கு, இனியும் யாரிடமும் உத்தரவு கேட்கிற உத்தேசம் இல்லை.